பருப்பு வேகவில்லை என்பதற்காக டப்பா வாங்கலாமா?

கோத்தகிரி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் தரக்கூடிய வேறு சில விவரங்களையும் நானே நீக்கியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருக்கு வயது 36. கணவர் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் 66 வயது மாமியார், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் 14 வயது மகள், 7 வயது மகன் என மொத்தம் ஐந்து பேர். மகள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்திருக்கிறது. மாமியாருக்குப் பத்து வருடங்களாகச் சர்க்கரை நோய்; மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறார்; கடைசிப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) 1.6. “கிரியேட்டினின் இருப்பவர்கள் பருப்பைத் தொடக்கூடாது” என்று அக்கம்பக்கத்தார் சொன்னதாலும், பருப்பு சாப்பிட்டால் அவருக்கு வாயு பிடிப்பதாலும், மாமியாருக்குப் பருப்பை நிறுத்திவிட்டார்கள். இதற்கிடையே வீட்டுக்கே வந்து விற்ற ஒருவர், “பருப்பில் இருப்பது அரைகுறைப் புரதம்; இந்தப் பவுடர்தான் முழுப் புரதம், இரத்தமும் ஊறும்” என்று சொல்லி, 400 கிராம் டப்பா 1,950 ரூபாய் என்ற விலையில் தவணைக்கு மூன்று டப்பாக்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு டப்பா ஒரு மாதத்துக்கு வருகிறது. காலையில் மகளுக்கு ஒரு கரண்டி, இரவில் மாமியாருக்கு ஒரு கரண்டி. இரண்டு டப்பா தீர்ந்துவிட்டது. மூன்றாவது இன்னும் திறக்கவில்லை.

“எங்கள் வீட்டில் தினமும் சாம்பார்தான். ரேஷனில் வாங்கும் 1 கிலோ பருப்பு 12 நாளைக்கு வரும். பிறகு கடையில் வாங்குவேன். அவ்வளவு பருப்பு சாப்பிட்டும் பிள்ளைக்கு இரத்தம் இல்லையே? இந்த ஊரில் பருப்பும் சரியாக வேகுவதில்லை. ரேஷனில் ஒருமுறை வேறு ஏதோ பருப்பு கொடுத்தார்கள், அது காலை முடக்கிவிடும் என்று சொன்னதால் மாட்டுக்கு வைத்துவிட்டோம். ஒருமுறை அத்தை விறகடுப்பில் சிவப்பு பீன்ஸ் விதை வேகவைத்தார்கள், நாங்கள் எல்லோரும் வாந்தி எடுத்தோம். கறி வாங்கினால்தான் உடம்பில் பலம் இருக்கும் என்கிறார் கணவர். டப்பாவைத் தொடரவா, பருப்புக்குத் திரும்பவா? சொல்லுங்கள் மேடம்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது மகளுக்காக. ஆனால் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருப்பது உங்கள் மாமியாரைப் பற்றி.

அத்தையின் சீட்டில் உள்ள எண்

66 வயதுப் பெண்ணுக்குக் கிரியேட்டினின் 1.6 என்பது பார்வைக்குச் சிறிய எண். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 35 என்று வருகிறது. இந்த அளவு மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சீட்டுடன் அவரை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காரணம் பருப்பு மட்டுமன்று. வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே போனால் மெட்பார்மினின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்வது வழக்கம்; 30-க்குக் கீழே போனால் அந்த மாத்திரையையே நிறுத்துவார்கள். அதை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அவருடைய வாயுத் தொல்லைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். வயிறு உப்புவதும் வாயு பிரிவதும் மெட்பார்மினின் பரவலான பக்கவிளைவுகள். பருப்பை நிறுத்திய பிறகு வாயு நின்றதா என்று நீங்கள் எழுதவில்லை. நிற்காமல் இருந்திருந்தால், பழியை நாம் தவறான இடத்தில் போட்டிருக்கிறோம்.

சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்கள் பருப்பைத் தொடவே கூடாது என்பது பழைய பயம். டயாலிசிஸ் தேவைப்படாத நிலையில் இருப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் சொல்வார்கள். அத்தை 50 கிலோ இருந்தால் நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம். அவர் சாப்பிடும் சோறும் களியும் இதில் பாதியைத் தந்துவிடும். 20, 25 கிராம் பருப்பு தாராளமாக இதற்குள் அடங்கும். பொட்டாசியம் கூடுதலாக இருந்தால், ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைப்பது அதைக் கொஞ்சம் குறைக்கும். சரியான அளவை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பருப்பை நிறுத்திய அதே கையால் இரவில் புரதப் பவுடர் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்பதை நீங்களே இப்போது கவனித்திருப்பீர்கள். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. டப்பாவில் வந்தால் மருந்து, பாத்திரத்தில் வந்தால் சாப்பாடு என்று நினைப்பது படித்தவர்களிடமும் உண்டு. சர்க்கரையும் சிறுநீரகக் குறைவும் உள்ளவருக்கு, சர்க்கரையும் பாஸ்பேட் உப்புகளும் சேர்ந்திருக்கக்கூடிய ஒரு பவுடரை மருத்துவரைக் கேட்காமல் கொடுப்பது சரியில்லை. இன்றிரவு முதல் அதை நிறுத்திவிடுங்கள்.

டப்பாவின் கணக்கு

டப்பாவின் மேல் 100 கிராமுக்கு 40 கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 400 கிராம் டப்பாவில் 160 கிராம் புரதம். இரண்டு பேர் முப்பது நாள் சாப்பிட்டால், தலைக்கு ஒரு நாளில் போய்ச் சேருவது 3 கிராமுக்கும் குறைவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. அதாவது, மாதம் 1,950 ரூபாய் கொடுத்து நீங்கள் மகளுக்குத் தினமும் கொடுத்தது அரை முட்டை.

பருப்புடன் ஒப்பிட்டால் கணக்கு இன்னும் தெளிவாகும். துவரம்பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. பாசிப்பருப்பிலும் உளுந்திலும் மைசூர்ப் பருப்பிலும் 24 கிராமை ஒட்டி. வெளிக்கடையில் கிலோ 150 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 10 கிராம் புரதத்துக்குப் பவுடரில் நீங்கள் கொடுப்பது 120 ரூபாய்க்கு மேல். கடைப் பருப்பில் 7 ரூபாய். கிலோ 30 ரூபாய் ரேஷன் பருப்பில் ஒன்றரை ரூபாய்கூட இல்லை. பருப்பின் புரதம் முட்டையையும் பாலையும் போல முழுவதும் செரிப்பதில்லை என்பது உண்மை. அதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் கணக்கு மாறப்போவதில்லை.

“அரைகுறைப் புரதம்” என்று விற்பனையாளர் சொன்னதில் கால் பங்கு உண்மை இருக்கிறது, அதனால்தான் அது நம்மை எளிதில் மடக்கிவிடுகிறது. புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் கோவை. பருப்பில் மெத்தியோனின் என்ற ஒன்று குறைவு, லைசின் என்ற ஒன்று நிறைவு. அரிசியிலும் கேழ்வரகிலும் இது தலைகீழ். சோற்றையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடும்; இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். வெறும் பருப்பை மட்டுமே மூன்று வேளையும் சாப்பிடுகிறவர் எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று உணவியலில் சொல்வோம். வெண்பொங்கலும் அரிசி பருப்பு சாதமும் செய்கிற வீடுகளுக்கு இந்த அளவு புதிதல்ல.

பன்னிரண்டு நாளைக்கு ஒரு கிலோ

“அவ்வளவு பருப்பு சாப்பிட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் வீட்டின் சிக்கல் இருக்கிறது. 1 கிலோ 12 நாளைக்கு வருகிறது என்றால் ஒரு நாளைக்கு 83 கிராம். அத்தை பருப்பை நிறுத்திவிட்டாலும் சாம்பார் ஊற்றிக்கொள்கிறார் என்று கொண்டு ஐந்தால் வகுத்தால், தலைக்கு 17 கிராம். அதில் புரதம் 4 கிராமுக்கும் குறைவு. தினமும் சாம்பார் கொதிக்கிறது, வீடெல்லாம் மணக்கிறது, ஆனால் கரண்டியில் வருவது பெரும்பாலும் புளித்தண்ணீரும் காயும்தான். அடியில் தங்கும் பருப்பு யார் தட்டில் விழுகிறது என்பதையும் ஒரு நாள் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதலில் சாப்பிடுகிற ஆண்களுக்குக் கெட்டியும், கடைசியில் சாப்பிடுகிற பெண்களுக்குத் தெளிவும் போகிறது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவரின் தட்டில் பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்ந்து 85 கிராம் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முட்டையும் எப்போதாவது கறியும் சாப்பிடும் உங்கள் வீட்டுக்கு, பெரியவர்களுக்கும் மகளுக்கும் 50 முதல் 60 கிராம், பையனுக்கு 30 கிராம், அத்தைக்கு 25 கிராம் என்று நான் எழுதுவேன். எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 215 கிராம், மாதத்துக்கு ஆறரைக் கிலோ. ரேஷனில் வருவது போக ஐந்தரைக் கிலோ. பாசி, மைசூர், கொள்ளு என்று கலந்து, சராசரியாகக் கிலோ 130 ரூபாய்க்கு வாங்கினாலும் 715 ரூபாய். டப்பாவுக்குக் கட்டிய பணத்தில் இது போக மீதியும் இருக்கும். அந்த மீதியில் முட்டை வாங்குங்கள்.

மகளின் வயதுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 43 கிராம் புரதம் தேவை. நாள் முழுவதற்குமாக 250 கிராம் அரிசி அல்லது ராகியில் 17, பருப்பு 50 கிராமில் 11, ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, காய்கறியில் 3 என்றால் 43 நிறைந்துவிடுகிறது. அவள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி என்றும், சத்துணவு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு வரை அந்தச் சாப்பாட்டுக்கும் முட்டைக்கும் அவளுக்கு உரிமை உண்டு. அதைச் சலுகையென்று அவள் நினைக்காதபடி வீட்டில் பேசுங்கள்; தோழிகள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும்.

கணவர் கறி வாங்கட்டும், தடையில்லை. ஆட்டுக்கறியின் இரும்பு உடலில் எளிதாகச் சேரும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் வாங்கும் அரைக் கிலோவை நம்பி மீதி ஆறு நாளும் புளித்தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவதைப் பலம் என்று சொல்ல முடியாது.

மலையில் பருப்பு ஏன் வேகுவதில்லை

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து குன்னூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், மூன்று விசில் விட்டு இறக்கிய துவரம்பருப்பு கல்லாய்க் கிடந்தது. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “கீழே வச்ச மாதிரி வச்சா இங்க வேகாதும்மா, இன்னும் ரெண்டு விசில் விடுங்க” என்றார். படித்த பௌதிகம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் கொதிநிலை இறங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் பகுதியில் 94 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 93-க்கும் சற்றுக் கீழேயும் கொதிக்கிறது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வேகிறது என்று நினைக்கிறோம். ஆனால் திறந்த பாத்திரத்தில் எவ்வளவு விறகு வைத்தாலும் அந்த நீர் 94-க்கு மேல் ஏறாது. குக்கர் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டினாலும், அதற்குள்ளும் சூடு சமவெளியைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகவே இருக்கும். குளிர்ந்த சமையலறையில் குக்கர் சீக்கிரம் ஆறிவிடுவதால், இறக்கிய பிறகு ஆவியில் வேகும் நேரமும் குறைந்துவிடுகிறது.

ஆகையால் விசிலை எண்ணாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். துவரம்பருப்பை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். இங்குள்ள குழாய்த் தண்ணீரின் குளிரில் பருப்பு சரியாக ஊறாது. முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்துப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். அணைத்த பிறகு குக்கரைச் சிமெண்ட் தரையில் இறக்காமல் அடுப்பின் மேலேயே இருக்கவிடுங்கள், அழுத்தம் தானாக இறங்கட்டும். புளியும் தக்காளியும் பருப்பு குழைந்த பிறகே சேர வேண்டும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பருப்பின் தோலும் உள்சதையும் இறுகிவிடும். மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் நம் பாட்டிமார் வழக்கம். எண்ணெய் நுரை பொங்கி விசில் துளையை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். குக்கரில் பருப்பும் நீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது. சீக்கிரம் வேக வேண்டும் என்று ஆப்பசோடா போடாதீர்கள். அது பருப்பில் உள்ள தயாமின் என்ற பி1 வைட்டமினை அழித்துவிடும்.

கேஸ் மிச்சமாக வேண்டுமென்றால் மைசூர்ப் பருப்புக்கு வாருங்கள். உடைத்த மைசூர்ப் பருப்பு மெல்லியது, ஊறவைக்காமலே இரண்டு மூன்று விசிலில் குழைந்துவிடும். மலையில் குடியிருப்பவர்களுக்கென்றே படைத்தது போன்ற பருப்பு. கொள்ளும் காய்ந்த அவரையும் மொச்சையும் முந்தைய இரவே ஊற வேண்டும்; முதல் விசிலுக்குப் பிறகு அரை மணி நேரம்வரை பிடிக்கும். பயறு முளைகட்டுவதும் இங்கே ஒரே இரவில் ஆகாது. ஊறிய பயறை ஈரத்துணியில் கட்டி அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப்பார்க்கும். முளைகட்டிய பயறு வாயுவும் குறைவாகத் தரும்.

நீங்கள் எல்லோரும் வாந்தி எடுத்த கதைக்கும் இந்த 94 டிகிரிக்கும் தொடர்பு இருக்கிறது. சிவப்பு பீன்ஸ் விதையில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நஞ்சு உண்டு. முழுதாக வெந்துவிட்டால் அது அழிந்துவிடும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 80 டிகிரி அளவில் மெல்ல வேகும் விதையில் நஞ்சின் வீரியம் கூடவும் செய்யும். கணகணவென்ற தணலில் நெடுநேரம் வைத்த அத்தையின் கைப்பக்குவத்தில் தவறில்லை. சூடு போதவில்லை, அவ்வளவுதான். அந்த விதையைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டு, நம் மலையில் கட்டாயம் குக்கரில் மட்டுமே, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவையுங்கள். துவரை, பாசி, மைசூர்ப் பருப்புகளுக்கு இந்த அச்சம் தேவையில்லை.

மகளின் இரத்தசோகை

பருப்பைக் கூட்டினால் மகளின் ஹீமோகுளோபின் ஏறிவிடும் என்று எழுதினால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அது உண்மையாகாது. அவள் வயதுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை, 9.6 என்பது நடுத்தர நிலை. தாவர உணவில் உள்ள இரும்பில் மிகச் சிறிய பங்கே உடலில் சேர்கிறது என்பதால், ஏற்கெனவே காலியாகிவிட்ட கையிருப்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது. மருத்துவர் எழுதித் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவர் சொல்லும் காலம் முழுவதும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு, விடாமல் சாப்பிட வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரை இரத்தசோகை வராமல் தடுப்பதற்கானது, 9.6-க்கு அது போதாது. பூச்சி மாத்திரை கொடுத்தார்களா, மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் பதிவான இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று. பழங்குடி மக்களிடையே அது கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் மகளுக்கு அது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பரிசோதனையும் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பருப்பின் வேலை அதற்குப் பிறகு: ஏறியதை இறங்காமல் பிடித்து வைப்பது. மைசூர்ப் பருப்பிலும் கொள்ளிலும் துவரையைவிட இரும்பு அதிகம். எல்லாப் பருப்பிலும் இரத்தம் உருவாகத் தேவையான ஃபோலேட் உண்டு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லி அத்தை மகளுக்குக் கொள்ளு தர மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொள்ளு யாருடைய சதையையும் கரைப்பதில்லை, நல்ல சத்துள்ள பயறு அது. இளைத்த பெண்ணுக்கு எள்ளும் கொடுங்கள், கொள்ளும் கொடுங்கள்.

இனி உங்கள் மனம் வருந்தக்கூடிய ஒன்று. சாப்பிட்டு முடித்த கையோடு வீட்டில் எல்லோரும் ஒரு டம்ளர் டீ குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேயிலையை நம்பிப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை எழுத எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. தேநீரில் உள்ள டானின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. மகளுக்கு மட்டுமாவது சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர் வேண்டாம். மாத்திரையையும் டீயோடும் பாலோடும் தரக்கூடாது. தட்டில் எலுமிச்சை பிழிந்த பருப்போ, ஒரு நெல்லிக்காயோ, ஒரு கொய்யாவோ இருந்தால் அதில் உள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். ‘மாலை நான்கு மணி டீ அப்படியே இருக்கட்டும்’ என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் எதையுமே கேட்கமாட்டாள்.

மாட்டுக்கு வைத்த பருப்பு

தமிழ்நாட்டின் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007-இல் தொடங்கியது. அதில் கிடைக்கும் பருப்பு பெரும்பாலும் துவரை. சில காலங்களில் அதற்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பு வந்ததுண்டு. நீங்கள் மாட்டுக்கு வைத்தது அநேகமாக அதுதான். அது மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்தது. சாம்பாரில் துவரையின் மணம் வராது என்பதைத் தவிர அதன்மேல் குறையில்லை. காலை முடக்குவது கேசரிப் பருப்பு என்ற வேறொன்று. அதையே மாதக்கணக்கில் முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கியது உண்டு. துவரையிலும் கடலைப்பருப்பிலும் அதைக் கலப்படம் செய்வார்கள். அது வட்டமாக இராமல், கோணல் மாணலாக, ஒரு பக்கம் சரிந்த ஆப்பு போலத் தட்டையாக இருக்கும். தட்டில் பரப்பிப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும். மைசூர்ப் பருப்பையும் கேசரிப் பருப்பையும் ஒன்றாக நினைப்பது நம் ஊர்களில் நெடுநாளாக இருக்கும் குழப்பம்.

வண்டும் தூசுமாகப் பருப்பு வந்தால் மாற்றித் தரும்படி கேட்கலாம். எடை குறைந்தாலும், வாங்காத பொருளுக்குக் கைப்பேசியில் செய்தி வந்தாலும், 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2023 மே முதல் நம் மாவட்டத்துக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பருப்புக் கடைசலோடு ராகிக் களி என்பது சுண்ணாம்புச் சத்துக்கும் சேர்த்து நல்ல ஏற்பாடு.

வீட்டில் மற்றவர்கள் பருப்பைக் கூட்டும்போது ஒரே நாளில் மூன்று மடங்காக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். வாயுவுக்குக் காரணம் பருப்பில் உள்ள சிலவகைச் சர்க்கரைகள். அவை சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. ஊறவைத்த நீரைக் கொட்டுவதும் நன்றாக வேகவைப்பதும் அதைக் குறைக்கும். இஞ்சி, சீரகம், பெருங்காயம் எல்லாம் உங்கள் கைப்பழக்கம்போல. அத்தைக்குப் பாசிப்பருப்பில் தொடங்குங்கள்.

கடைசியாக, திறக்காத அந்த மூன்றாவது டப்பா. இரத்தம் ஊறும் என்று சொல்லி ஒரு உணவுப் பொருளை விற்பது, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின்படி தவறான விளம்பரம் என்ற குற்றத்துக்குள் வரக்கூடும். அதற்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. டப்பாவின் மேல் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். “மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று” என்ற வாசகமும் சிறிய எழுத்தில் இருக்கலாம். இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணை வாங்க அவர் வரும்போது, டப்பாவைத் திறக்காமலே கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கச் சொல்லுங்கள். கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீதும் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கோ எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, அப்படியே எழுதவும் செய்யுங்கள். தவணை அட்டையில் கையெழுத்துப் போட்டது யார், நீங்களா கணவரா என்று கடிதத்தில் இல்லை. புகார் கையெழுத்துப் போட்டவர் பெயரில் போவது நல்லது.